வேலைக்கும் வேண்டும், கொஞ்சம் கேமுக்கும் வேண்டும்: 258வி லேப்டாப் போதுமா, 4060 இல்லாமல் ஆகாதா?

நொய்யல்_ஓரம் · சனி, காலை 9.12

மக்களே, வணக்கம். என் பழைய லேப்டாப்பின் கீல் ஒரு பக்கம் கழன்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றவும் அதற்குத் தகுதி இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், அலுவலக ஐடி ஆட்கள் "மாற்றுங்கள், மாற்றுங்கள்" என்று நச்சரிக்கிறார்கள். சொந்த மெஷினைக் கொண்டுவந்து வேலை செய்யும் கம்பெனி எங்களுடையது, செலவு நம் தலையில்.

வேலை: ஜாவா பேக்கெண்ட். இன்டெலிஜே, டாக்கரில் நாலைந்து கன்டெய்னர், குரோமில் கணக்கில்லாத டேப், டீம்ஸ். வாரத்தில் பாதி கோவை, பாதி பெங்களூரு. ரயிலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைவதால் கனம் முக்கியம்.

கேம்: கல்லூரிக் கூட்டத்தோடு வார இறுதியில் வாலரன்ட். அப்புறம் ஜிடிஏ 5, ஹேடீஸ். விட்சர் 3 பாதியில் நிற்கிறது, முடிக்க ஆசை. புதிதாக வரும் கனமான கேம் எதுவும் வேண்டாம்.

இரண்டு பெட்டி பார்த்து வைத்திருக்கிறேன். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒன்று, அசூஸ் ஜென்புக் எஸ் 14: இன்டெலின் கோர் அல்ட்ரா 7 258வி சிப், 32 ஜிபி ரேம், 1.2 கிலோ. தனி கிராஃபிக்ஸ் கிடையாது.
இன்னொன்று, செஃபிரஸ் ஜி14-இன் 2024 மாடல்: ஏஎம்டியின் ரைசன் 9 8945எச்எஸ் சிப், என்விடியாவின் தனி கிராஃபிக்ஸ் ஆர்டிஎக்ஸ் 4060, 16 ஜிபி ரேம், 1.5 கிலோ.

பட்ஜெட்டை ஒன்றரை லட்சத்துக்கு மேல் இழுக்க முடியாது. எதை எடுக்கலாம்?

பழையமாடல் · சனி, காலை 9.40

இரண்டும் வேண்டாம். லெனோவோ எல்ஓக்யூ 15 எடு. 4060 முழு வேகத்தில் ஓடும், ரேமுக்கு இரண்டு ஸ்லாட் இருக்கிறது, விசிறி பெரிது, மிச்சமாகும் பணத்தில் நல்ல மானிட்டரே வாங்கிவிடலாம். மெலிசு மெலிசு என்று போனால் காசுக்குக் காசும் போகும், சூட்டுக்குச் சூடும் வரும்.

நொய்யல்_ஓரம் · சனி, காலை 9.48

அண்ணா, எல்ஓக்யூ 2.4 கிலோ. சார்ஜர் செங்கல் தனி. அதைத் தூக்கிக்கொண்டு சிங்காநல்லூரிலிருந்து ஸ்டேஷனுக்கு பஸ்ஸில் போய்ப் பாருங்கள், தெரியும்.

வாட்டுவேட்டை · சனி, காலை 10.25

கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் "4060" என்ற பெயரை வைத்து யோசிக்காதீர்கள். லேப்டாப் 4060 என்பது ஒரே பொருள் இல்லை. என்விடியா அதை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரைக்கும் ஓட்டிக்கொள்ளலாம் என்று லேப்டாப் கம்பெனிகளுக்கு விட்டிருக்கிறது. சிப் அதேதான், பெயரும் அதேதான், ஆனால் கீழ்மட்ட வாட்டில் ஓடும் 4060-ஐ அதிக வாட்டில் ஓடும் 4050 தூக்கிச் சாப்பிட்டுவிடும். முன்பு குறைந்த வாட் மாடல்களுக்கு "மேக்ஸ்-க்யூ" என்று பின்னொட்டாவது இருக்கும். 2021-இல் 30 வரிசை வந்தபோது அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கம்பெனியின் தளத்தில் விவரப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வாட்டைத் தேடிப் படிக்க வேண்டும். மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குவது மாதிரி, ஜிபியுவை, அதாவது கிராஃபிக்ஸ் சிப்பை, வாட்டைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஜி14-இல் 4060-க்கு 90 வாட் தருகிறார்கள். ஒன்றரைக் கிலோ பெட்டிக்கு அது நல்ல அளவு. வாலரன்டுக்கு அது தேவையே இல்லை, விட்சர் 3-க்கு மிக நன்றாகப் போதும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஜி14 பேட்டரி 73 வாட்-அவர். ஜிபியு 90 வாட், சிபியுவும் திரையும் சேர்ந்து இன்னொரு 30 என்று வைத்தால், முழு வேகத்தில் முக்கால் மணிநேரம்கூட வராது. அதனால்தான் பிளக்கைப் பிடுங்கிய அடுத்த நொடியே இந்த வகை லேப்டாப்புகள் தாமாகவே வாட்டைக் குறைத்துக்கொள்ளும். ரயிலில் 4060 கையில் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஜென்புக்கில் 72 வாட்-அவர், பெட்டி மொத்தமும் கேமில் 40 வாட் பக்கம்தான் தின்னும். ஒன்றரை மணிநேரத்துக்கு மேலேயே ஆடலாம், வேகமும் பிளக்கில் இருந்ததைவிடப் பெரிதாகக் குறையாது.

ஆகவே முதல் கேள்வி: நீங்கள் கேம் ஆடும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா?

மழைத்துளி_07 · சனி, காலை 11.05

ஜி14 2024 என்னிடம் இருக்கிறது. நான் டிசைன் வேலை, அவ்வப்போது பிளெண்டரில் ரெண்டர். எனக்கு 4060 சோறு போடுகிறது, அதனால் என் நியாயம் வேறு. அனுபவத்தைச் சொல்கிறேன்.

நல்லது: கட்டுமானம் அருமை. 120 ஹெர்ட்ஸ் ஓலெட் திரை. ஸ்பீக்கர் இந்த அளவில் இப்படி நான் கேட்டதில்லை. விட்சர் 3 எல்லாம் வெண்ணெய்.

கெட்டது: டர்போ மோடில் வைத்தால் பக்கத்து அறையில் இருப்பவர் "மிக்ஸி ஓடுகிறதா" என்று கேட்பார். கேம் ஆடும்போது டபிள்யூ-ஏ-எஸ்-டி விசைகள் பொறுத்துக்கொள்ளும் சூடுதான். ஆனால் கீபோர்டுக்கு மேலே, திரைக்குக் கீழே இருக்கும் பட்டையில் விரல் வைக்க முடியாது. மே மாதம் மதியம் ஏசி இல்லாத அறையில் நான் ஆடுவதே இல்லை. அறை 10 டிகிரி கூடினால் உள்ளே இருப்பதும் அதே அளவு கூடத்தானே செய்யும்? லேப்டாப் உடனே வேகத்தைக் குறைக்கும்.

யாரும் சொல்லாத ஒன்று. வீட்டில் மானிட்டரை எச்டிஎம்ஐ வழியாக மாட்டினேன். அந்த போர்ட் நேரே என்விடியா ஜிபியுவுக்குப் போகிறது. அதாவது வெறும் எக்செல் திறந்து வைத்திருந்தாலும் 4060 தூங்காது. விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும், அடிப்பக்கம் வெதுவெதுப்பாகவே இருக்கும். இடது பக்க டைப்-சி போர்ட்டுக்கு மாற்றியதும் அது தூங்கிவிட்டது, அறையும் அமைதியானது. தனி ஜிபியு உள்ள எந்த லேப்டாப்பாக இருந்தாலும் எந்த போர்ட் எதில் இணைந்திருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் சார்ஜர். 180 வாட் செங்கலையும் பையில் போட்டால் மொத்தம் இரண்டு கிலோ ஆகிவிடும். 100 வாட் டைப்-சி சார்ஜரிலும் ஓடும், வேலைக்கு அதுவே போதும். கேமுக்குச் செங்கல்தான்.

கணக்குப்பிள்ளை_சேலம் · சனி, காலை 11.31

14 அங்குலத்தில் நம்பர் பேட் கிடையாது என்பதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். டாலியில் வவுச்சர் போடுகிறவனுக்கு இதெல்லாம் பொம்மை.

பழையமாடல் · சனி, காலை 11.34

சார், அவர் ஜாவா எழுதுகிறார். டாலி இல்லை.

கணக்குப்பிள்ளை_சேலம் · சனி, காலை 11.36

கல்யாணம் ஆனதும் வீட்டுக் கணக்குப் போடுவார் இல்லையா.

வாட்டுவேட்டை · சனி, மதியம் 12.50

மழைத்துளி சொன்னது தங்கம். இப்போது மறுபக்கம்: உள்ளமைந்த கிராஃபிக்ஸ். "இன்டெல் கிராஃபிக்ஸா, சாலிட்டர் ஆடலாம்" என்ற காலம் போய்விட்டது. 258வி-யில் இருக்கும் ஆர்க் 140வி-யில் 8 எக்ஸ்இ2 கோர். அதே சிப் உள்ள லேப்டாப்பைத்தான் நான் பயன்படுத்துகிறேன். வாலரன்ட் 1920×1200-இல், குறைந்த செட்டிங்கில் 100 எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 100 படம்) கீழே வந்ததாக நினைவில்லை. ஜிடிஏ 5 நார்மலுக்கும் ஹைக்கும் நடுவில் வைத்தால் 60. விட்சர் 3-இல் புது அப்டேட்டின் டைரக்ட்எக்ஸ் 12 பதிப்பைத் தொடாதீர்கள், லாஞ்சரில் டைரக்ட்எக்ஸ் 11-ஐத் தேர்ந்தெடுத்தால் மீடியத்தில் நிம்மதியாக ஓடும். சைபர்பங்க் 2077-ஐ லோவில், எக்ஸ்இஎஸ்எஸ் (சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் இன்டெல் வசதி) போட்டு 30-க்கும் 45-க்கும் நடுவில் ஓட்டலாம். ஓட்டலாம்தான், ரசிக்க முடியாது.

ஆனால் பெயர்க் குழப்பம் இங்கேயும் உண்டு, 4060-ஐவிட மோசமாகவே. கடைக்காரர் "கோர் அல்ட்ரா 7" என்று மட்டும் சொன்னால் நம்பாதீர்கள். 258வி, 255எச், 255யு மூன்றுமே கோர் அல்ட்ரா 7 தான். 258வி-யிலும் 255எச்-இலும் 8 கிராஃபிக்ஸ் கோர். 255யு-வில் 4 தான். பெட்டியின் வெளியே ஒட்டியிருக்கும் நீல ஸ்டிக்கர் மூன்றுக்கும் ஒன்றே. ஏஎம்டி பக்கமும் இதே கதை. ரைசன் ஏஐ 9 எச்எக்ஸ் 370-இல் 890எம் கிராஃபிக்ஸ், 16 கம்ப்யூட் யூனிட். ரைசன் ஏஐ 7 350-இல் 860எம், அதில் சரிபாதி, 8. "ரைசன் 7 250" என்று புதுப் பெயரில் வருவது பழைய 8840 வரிசைதான், உள்ளே 780எம், 12 யூனிட். கடைசி எழுத்து வரைக்கும் படியுங்கள்.

இன்னொன்று ரேம். உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, உங்கள் ரேமில்தான் பங்கு கேட்கும். ஒரே ஒரு குச்சி ரேம் போட்டு விற்கும் லேப்டாப்பில் பாதை ஒன்றாகிவிடும், எஃப்பிஎஸ் படுத்துவிடும். முந்தைய தலைமுறை ஐரிஸ் எக்ஸ்இ-யில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஒற்றைக் குச்சி இருந்தால் டிவைஸ் மேனேஜரில் பெயரே "யூஎச்டி கிராஃபிக்ஸ்" என்று இறங்கிவிடும், இரண்டாவது குச்சி போட்டதும் "ஐரிஸ் எக்ஸ்இ" ஆகும். 258வி-யில் இந்தப் பிரச்சினை இல்லை, ரேம் சிப்போடு ஒரே பொட்டலத்தில் வருகிறது. எண்ணின் கடைசி இலக்கம் 8 என்றால் 32 ஜிபி, 6 என்றால் 16 ஜிபி. பின்னால் கூட்ட வழியே இல்லை. டாக்கர் ஓட்டுகிறவர் 256வி பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

சிங்கை_சிட்டு · சனி, மதியம் 1.15

சிங்கப்பூரில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் கொண்டுவரச் சொல்லலாமே? பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் ஒரு லேப்டாப்பைச் சுங்க வரி இல்லாமல் இந்தியாவுக்குக் கொண்டுவரலாம். இங்கே கண்காட்சி நேரத்தில் விலை நன்றாகவே இறங்கும்.

மழைத்துளி_07 · சனி, மதியம் 1.40

வாரண்டியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். என் தம்பி வெளிநாட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்தான், கம்பெனி பெயர் வேண்டாம். மதர்போர்டு போனது. இங்குள்ள சேவை மையத்தில் "இந்த மாடல் இந்தியாவில் விற்பனையில் இல்லை, உதிரி வராது" என்று கையை விரித்துவிட்டார்கள். சர்வதேச வாரண்டி என்று அட்டையில் அச்சடித்திருந்தும் பயனில்லை. மாதிரி எண் ஒன்றாக இருந்தாலும் கடைசியில் நாட்டுக்கு நாடு இரண்டு எழுத்து மாறும்.

லினக்ஸ்_லிங்கம் · சனி, மதியம் 2.20

எல்லோரும் எஃப்பிஎஸ் பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது வேறு. அலுவலக வேலையும் வாலரன்டும் ஒரே மெஷினில்? வாலரன்டோடு வரும் வேன்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், விண்டோஸின் அடிமட்டமான கர்னலில் உட்காரும். கேம் திறக்காவிட்டாலும் கணினி பூட் ஆகும்போதே அதுவும் எழுந்துவிடும். கீழே மூலையில் இருக்கும் சிவப்பு ஐகானில் நிறுத்தலாம், ஆனால் மறுபடி ஆட ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். உங்கள் கம்பெனியின் பாதுகாப்பு விதியில் இது ஆகுமா என்று கேட்டீர்களா? விண்டோஸ் 11-இல் அது செக்யூர் பூட்டும் டிபிஎம் 2.0-வும் கேட்கும். லினக்ஸ் ஏற்றுவதற்காக செக்யூர் பூட்டை அணைத்தால் கேம் திறக்காது.

சொந்தப் பரிந்துரை: லினக்ஸ் போட்டு, வாலரன்டை விட்டுவிடுங்கள். ஹேடீஸும் விட்சர் 3-யும் புரோட்டானில் (விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) பிரமாதமாக ஓடும்.

நொய்யல்_ஓரம் · சனி, மாலை 4.05

வாலரன்டை விட்டால் கல்லூரிக் கூட்டத்தில் நான் இல்லை, லிங்கம் அண்ணே. ஆனால் கேட்டது நியாயம். திங்கட்கிழமை ஐடியில் கேட்கிறேன்.

வாட்டுவேட்டை, பிளக் பாயின்ட் பற்றி: ஆடுவது பெரும்பாலும் வீட்டில், மேசையில். ரயிலில் ஹேடீஸ் மட்டும். ஆனால் மெத்தையில் படுத்துக்கொண்டும் ஆடுவேன்.

வாட்டுவேட்டை · சனி, மாலை 4.30

மெத்தையில் வைக்கவே வைக்காதீர்கள், எந்த லேப்டாப்பாக இருந்தாலும். காற்று பெரும்பாலும் அடிப்பக்கத்திலிருந்துதான் உள்ளே போகிறது, போர்வை அந்தத் துளைகளை அடைத்துவிடும். ஒரு பரீட்சை அட்டை போதும். மேசையில் வைத்தால் பின்பக்க ரப்பர் காலுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் மூடி இரண்டை வையுங்கள். ஆயிரம் ரூபாய் கூலிங் பேட் செய்யும் வேலையில் பாதியை அது செய்துவிடும்.

மேகம்_மேலே · சனி, மாலை 5.10

மேக்புக் ஏர் எம்4 பற்றி ஏன் யாருமே வாய் திறக்கவில்லை? விசிறியே இல்லை, சத்தமே இல்லை, 16 ஜிபி அடிப்படை மாடலிலேயே வருகிறது. பேட்டரி நாள் முழுக்க நிற்கும்.

பழையமாடல் · சனி, மாலை 5.12

வாலரன்ட் மேக்கில் கிடையாது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2-உம் கிடையாது. ஜிடிஏ 5-உம் கிடையாது. முடிந்தது.

மேகம்_மேலே · சனி, மாலை 5.20

பல்டர்ஸ் கேட் 3, சைபர்பங்க் எல்லாம் இருக்கிறது. ஆனால் சரி, இவருடைய பட்டியலுக்கு ஒத்துவராது. நான் வாபஸ்.

கோப்பிக்கடை_நிரலர் · சனி, இரவு 8.45

நானும் ஜாவாதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இழை முழுவதும் கேமைச் சுற்றியே ஓடுகிறது. நொய்யல், நீங்கள் வாரத்தில் ஐந்து நாள் செய்வது பில்ட், அதாவது எழுதிய நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றுவது. உங்களை இடிக்கப்போவது அதுதான்.

258வி-யில் 4 பெரிய கோர், 4 சிறிய கோர். ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை (த்ரெட்) பார்க்கும் ஹைப்பர்த்ரெடிங்கை இன்டெல் இதில் எடுத்துவிட்டது. ஆக மொத்தம் 8 த்ரெட். பேட்டரிக்கு அருமையான சிப், ஒற்றைத் த்ரெட் வேகமும் நன்று. டேப் திறக்க, டைப் அடிக்க, டீம்ஸில் பேச இதைவிடச் சுகம் கிடையாது. ஆனால் கிரேடில் என்ற பில்ட் கருவி பத்து மாடியூலை ஒரே நேரத்தில் கம்பைல் செய்து, பக்கத்தில் டெஸ்ட் கன்டெய்னர்களும் ஓடினால் 8 த்ரெட்டும் நிரம்பிவிடும். ஜி14-இன் 8945எச்எஸ்-இல் 8 கோர், 16 த்ரெட். எச்எக்ஸ் 370-இல் 12 கோர், 24 த்ரெட்.

மறுபுறம் ஜி14-இல் 16 ஜிபி, அதுவும் போர்டில் பற்றவைத்தது. இன்டெலிஜே, டாக்கர், குரோம், டீம்ஸ் நான்கும் திறந்தால் என் அலுவலக மெஷினில் 16 ஜிபி நிறைந்து எஸ்எஸ்டியை ரேமுக்குப் பதில் பயன்படுத்தும் ஸ்வாப் ஆரம்பித்துவிடுகிறது. ஜிபியுவுக்கு 8 ஜிபி தனியாக இருந்து என்ன பயன், ஜாவாவுக்கு இடமில்லையே.

அதாவது உங்கள் இரண்டு பெட்டியும் கேமில் பாஸ். வேலையில் ஒன்று த்ரெட்டில் இடறுகிறது, இன்னொன்று ரேமில் இடறுகிறது. மூன்றாவது ஒன்றைப் பாருங்கள்: எச்எக்ஸ் 370, 32 ஜிபி, தனி ஜிபியு இல்லாதது. ஜென்புக் எஸ் 16 அப்படிப்பட்டது. 1.5 கிலோ, 78 வாட்-அவர் பேட்டரி. 890எம் கிராஃபிக்ஸ் 140வி-யோடு தோளுக்குத் தோள் நிற்கும், சில கேமில் முன்னே, சிலதில் பின்னே.

வாட்டுவேட்டை · சனி, இரவு 9.20

நல்ல பாயின்ட். ஒரே ஒரு எதிர்ப்பு: எச்எக்ஸ் 370-ஐயும் ஏஎம்டி 15 வாட்டிலிருந்து 54 வாட் வரை ஓட்டிக்கொள்ள விட்டிருக்கிறது. மெலிசான பெட்டியில் அதன் முழுப் பலமும் வராது. பேட்டரியில் சும்மா டைப் அடிக்கும்போது 258வி அதைவிட நிற்கும். ஆனாலும் பில்டில் 258வி அதைப் பிடிக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

தீபாவளி_வரை · ஞாயிறு, காலை 7.50

கொஞ்சம் பொறுத்தால் என்ன? 2026 ஜனவரியில் இன்டெல் பாந்தர் லேக் என்ற புது சிப் வரிசையைக் காட்டிவிட்டதே. அதில் 12 கோர் கிராஃபிக்ஸ் என்கிறார்கள்.

வாட்டுவேட்டை · ஞாயிறு, காலை 8.35

12 கோர் இருப்பது பெயரில் "எக்ஸ்" உள்ளவற்றில்தான், எக்ஸ்7 358எச் மாதிரி. வெறும் கோர் அல்ட்ரா 7 355 வாங்கினால் 4 கோர். மறுபடியும் அதே பெயர் விளையாட்டு. எக்ஸ் வகை வரும் லேப்டாப்புகள் இவர் பட்ஜெட்டுக்குள் சீக்கிரம் இறங்காது.

இன்னொரு காரணமும் உண்டு. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கொண்டே போகிறது. நினைவகச் சிப் செய்கிறவர்கள் ஏஐ டேட்டா சென்டர் பக்கம் திரும்பிவிட்டார்கள். குரூஷியல் பிராண்டில் சில்லறைக்கு விற்பதையே நிறுத்துவதாக மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. "இப்போது 16 வாங்கி அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்" என்பது எல்ஓக்யூ மாதிரி ஸ்லாட் உள்ளதற்கும் முன்போல மலிவான யோசனை இல்லை. 32 வேண்டுமென்றால் கடையில் பழைய சரக்கு இருக்கும்போதே எடுங்கள்.

பழையமாடல் · ஞாயிறு, காலை 9.05

என் ஆயுதத்தையும் பிடுங்கிவிட்டீர்கள்.

கோப்பிக்கடை_நிரலர் · ஞாயிறு, காலை 9.30

நொய்யல், நானும் கோவைதான், எச்எக்ஸ் 370 என்னிடம் இருக்கிறது. கம்பெனியின் நிரலை என் மெஷினில் ஏற்ற வேண்டாம், அது தப்பு. திறந்த மூலத்தில் இருக்கும் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் என்ற ஜாவா நிரலையே எடுத்துக்கொள்வோம். வாட்டுவேட்டை அவருடைய 258வி-யில் அதே பதிப்பை பில்ட் செய்யட்டும். இரண்டுமே பிளக்கில், இரண்டுமே பெர்ஃபார்மன்ஸ் மோடில். முதல் முறை டவுன்லோடுக்குப் போகும், அதைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டாவது, மூன்றாவது முறையைப் பார்ப்போம். நேரில் வந்து கீபோர்டையும் தட்டிப் பாருங்கள்.

நொய்யல்_ஓரம் · ஞாயிறு, மாலை 6.40

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், நன்றி கோப்பிக்கடை. காபியும் நன்றாக இருந்தது.

பில்ட்: வாட்டுவேட்டை மெஷின் எடுத்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் எச்எக்ஸ் 370 முடித்துவிட்டது. மூன்றாவது முறையில் சூடேறியதும் கொஞ்சம் மெதுவானது, ஆனாலும் முன்னேதான்.

அடுத்து வாலரன்ட், அரை மணிநேரம். 2880×1800-இல் வைத்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. 1920×1200-க்கு இறக்கியதும் சொன்னபடி 100-க்கு மேல். எழுத்து மட்டும் லேசாக மங்கலாகத் தெரிந்தது.

வாட்டுவேட்டை · ஞாயிறு, மாலை 7.00

காரணம் எளிது. 2880×1800 என்பது 1920×1200-ஐவிட இரண்டேகால் மடங்கு புள்ளி. உள்ளமைந்த ஜிபியு அதை இழுக்காது. மங்கலுக்குக் காரணம், ஒன்றரைப் புள்ளி என்று பிரிக்க முடியாததால் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து காட்டுகிறது. ஹேடீஸ் மாதிரி கேமில் 1440×900 வைத்துப் பாருங்கள். ஒரு புள்ளிக்குச் சரியாக நான்கு புள்ளி கிடைக்கும். டிரைவரில் இன்டிஜர் ஸ்கேலிங்கைப் போட்டுவிட்டால் ஓரம் கூர்மையாக நிற்கும். வாலரன்டுக்கு 1920×1200 தான், ஓடுகிற எதிரியின் ஓரத்தை யார் பார்க்கப் போகிறார்கள்.

மழைத்துளி_07 · ஞாயிறு, மாலை 7.25

கண் எப்படி? ஓலெட் திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது விட்டு விட்டு எரியும். இரவு இருட்டில் குறைந்த வெளிச்சத்தில் கோட் படித்தால் சிலருக்குத் தலை வலிக்கும். எனக்கு வலித்தது. மைஅசூஸ் செயலியில் "ஃபிளிக்கர் ஃபிரீ டிம்மிங்" என்று ஒரு ஸ்லைடர் உண்டு. விண்டோஸில் வெளிச்சத்தை முழுதாக வைத்துவிட்டு, அதில் மட்டும் குறையுங்கள். அந்தச் செயலியிலேயே பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியும் இருக்கிறது. நாள் முழுக்க மேசையில் பிளக்கிலேயே இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

நொய்யல்_ஓரம் · திங்கள், பகல் 12.15

ஐடியில் கேட்டேன். வேன்கார்ட் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. தேடிப் படித்துவிட்டு, "கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். தனி எஸ்எஸ்டி, தனி விண்டோஸ், வேலைப் பகுதி பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் பரவாயில்லையாம். அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவிட்டேன்.

ஆனால் மெலிசு லேப்டாப்பில் எஸ்எஸ்டி ஸ்லாட் ஒன்றுதானே இருக்கிறது?

லினக்ஸ்_லிங்கம் · திங்கள், பகல் 12.40

ஆமாம், எஸ் 14-இலும் எஸ் 16-இலும் ஒன்றுதான். வெளி எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டு பூட் செய்வது தலைவலி. கேமுக்கு உங்கள் பழைய லேப்டாப்புக்குப் பதில் ஒரு செகண்ட் ஹாண்ட் டெஸ்க்டாப்...

கணக்குப்பிள்ளை_சேலம் · திங்கள், பகல் 12.44

நம்பர் பேடோடு.

கோப்பிக்கடை_நிரலர் · திங்கள், பகல் 1.10

லிங்கம் சொல்வதில் விஷயம் இருக்கிறது. வாலரன்ட் மிக லேசான கேம். ஜிடிஎக்ஸ் 1650 போட்ட பழைய டெஸ்க்டாப்பிலேயே பறக்கும், அதிலும் விண்டோஸ் 10 இருந்தால் செக்யூர் பூட் தொல்லையும் குறைவு. நீங்கள் ஆடுவது கோவை வீட்டில்தான். தம்பியிடமோ கசினிடமோ கிடந்தால் வாங்கிப் போடுங்கள். அப்போது லேப்டாப்பில் மீதி இருப்பது ஹேடீஸும் விட்சரும்தான். வேலைக்கான பெட்டியை வேலைக்காகவே தேர்ந்தெடுக்கலாம்.

மழைத்துளி_07 · திங்கள், பகல் 1.35

ஹேடீஸ் முடித்துவிட்டால் "வெண்பா" ஆடிப் பாருங்கள். கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம், அம்மா கிழிந்த சமையல் குறிப்பை வைத்து இட்லி ஊற்றுகிறாள். இரண்டு மணிநேரத்துக்குள் முடிந்துவிடும். விசிறிகூட ஓடாது.

நொய்யல்_ஓரம் · வியாழன், இரவு 9.50

முடித்துவிட்டேன். எச்எக்ஸ் 370, 32 ஜிபி, ஜென்புக் எஸ் 16. கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிப் பெயரையும் ரேமையும் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொன்னேன். கடைப்பையன் முறைத்தான். வாலரன்டுக்கு மாமா பையனின் பழைய டெஸ்க்டாப் நாளை வருகிறது.

ஒரு சந்தேகம். சார்ஜர் மாட்டியிருக்கும்போது மணிக்கட்டு பாடியில் லேசாக உரசினால் சுர்ரென்று கூசுகிறது. ஷாக் என்று சொல்ல முடியாது, ஒரு மாதிரி அதிர்வு. பெட்டியில் கோளாறா? திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

வாட்டுவேட்டை · வியாழன், இரவு 10.05

இரண்டு முள் சார்ஜர், உலோக பாடி, இல்லையா? அப்படியானால் பெரும்பாலும் கோளாறு இல்லை. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட ஒரு சிறிய கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியாக மிகச் சிறு கசிவு மின்சாரம் பாடிக்கு வரும். எர்த் இல்லாததால் அது உங்கள் கை வழியாகத் தரைக்குப் போகிறது. தரையில் வெறுங்காலோடு இருந்தால் இன்னும் தெரியும், செருப்பு போட்டால் குறையும்.

மூன்று முள் வயர் உள்ள நல்ல டைப்-சி சார்ஜர், 65 வாட்டுக்குக் குறையாமல், ஒன்று வாங்கி எர்த் உள்ள பிளக்கில் மாட்டிப் பாருங்கள். பழைய வீடாக இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து அந்த பாயின்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரம். அப்படியும் கூச்சம் போகாவிட்டாலோ, சுரீரென்று அடித்தாலோ, அந்தச் சார்ஜரை மாட்டாமல் பில்லோடு கடைக்குப் போங்கள்.